ஒரு மூட்டு, இரண்டு தட்டு

மார்ச் பதினான்கு, காலை ஒன்பது நாற்பது; வெளியே தூறல். அண்ணி ஈராண்டு உழைத்து வடிவமைத்த உலோகக் கொக்கி, சக்கரங்களை ஓட்டும் பெல்ட்டின் இரு முனைகளையும் கவ்விக்கொண்டு சோதனை இயந்திரத்தில் ஓடியது.

மூட்டு ஒன்று; ஆகவே சுற்றுக்கு ஒரு முறைதான் முன் புல்லிச் சக்கரத்தில் தட்ட வேண்டும். இரண்டு முறை தட்டியது. இயந்திரத்தை அணைத்துத் தேடினோம். வேறு மூட்டு இல்லை. காரணம் தெரியாத சத்தம் எழுந்தால், ஒப்புதல் தரும் அதிகாரியான நான் நிராகரிக்க வேண்டும் என்பது விதி.

காலமான என் அண்ணன், அண்ணி வரைந்து காட்டும் வடிவம் பிடித்துவிட்டால் மேசையை இரண்டு முறை தட்டுவார்.

“எனக்கு ஒரு தடவகூடத் தட்டினதில்லையே, அண்ணி!”

“வரைஞ்சு காட்டினாத்தானே தட்டுவாரு, தம்பி? உங்களுக்குக் கையெழுத்துதான் வரும். அதையாவது உருப்படியாப் போடுங்க.”

போட்டேன். ஒப்புதலை அண்ணி கையில் கொடுத்தபோது, அணைத்திருந்த இயந்திரம் இரண்டு முறை தட்டியது.