எரிமலைக்கு ஒரு நற்சான்றிதழ்

“வர்ற பன்னிரண்டாம் தேதி, நான் எரிமலையை நேருக்கு நேர் சந்திக்கப் போறேன். இதை நீங்க ஒரு வரலாற்றுச் செய்தியாவே குறிச்சு வச்சுக்கலாம்.”

பயண ஏஜென்ட் குறித்துக்கொண்டார்: பெரியவர்கள் இரண்டு பேர், ஒரு அறை, ஜன்னலோர இருக்கை.

அறிவித்தவர், பெரிய தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் தீயணைப்பு அதிகாரியாக இருந்து, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். அந்தச் செய்தி அவருடைய மீசைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அது பணியில்தான் இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவருடைய மனைவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இதையெல்லாம் வீட்டிலேயே நாலு தடவை கேட்டுவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஏஜென்ட் ஒரு தீவின் படத்தை விரித்து விளக்கினார். சுற்றிலும் கடல், கரையெல்லாம் தென்னை, நடுவில் மூன்று எரிமலைகள். மூன்றுமே உயிரோடு இருப்பவை. பார்க்க வருகிறவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். முதல் குழு நாலு கிலோமீட்டர் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே டீ குடிக்கும். இரண்டாவது குழு உச்சி வரை ஏறி, விளிம்பில் நின்று, உள்ளே கொதிக்கிற குழம்பை எட்டிப் பார்க்கும். அதில் எட்டுப் பேருக்குத்தான் இடம். அதுவும் நெருப்போடு பழகியவர் என்பதற்கு வேலை பார்த்த இடத்திலிருந்து கடிதம் கொடுத்தால்தான்.

“ஒரே ஒரு இடம்தான் பாக்கி சார். ஒரு வெல்டர் கேட்டிருக்கார். ஒரு பேக்கரி மாஸ்டரும் கேட்டிருக்கார்.”

அதிகாரி சிரித்தார். ரொட்டி சுடுகிறவரோடு தன்னையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார்களே என்பதை மன்னித்துவிட்ட சிரிப்பு.

“தம்பி, நான் இருந்த இடத்துல நெருப்பு ஒரு நாளும் வாலாட்டினதில்ல. யாரை வேணாலும் விசாரிச்சுப் பாருங்க.”

“அதான் எனக்குக் கவலையே,” என்றார் மனைவி. “இவர் போய் நிக்கற நேரம் பாத்து அந்த மலையும் அணைஞ்சு தொலைக்கப் போகுது.”

எரிமலை தினமும் எத்தனை மணிக்குப் பொங்கும் என்று அதிகாரி கேட்டார். அது அதனுடைய இஷ்டம் என்றார் ஏஜென்ட். அப்படி ஒரு நிர்வாகத்தை அதிகாரி இதுவரை கேள்விப்பட்டதில்லை. பொறுப்பில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். யாருமில்லை என்று தெரிந்ததும், பிறகு எப்படி உருப்படும் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

கனத்த பூட்ஸ், தடித்த கையுறை, முழங்கால் வரை கோட் என்று ஏஜென்ட் பட்டியலைப் படித்தார். எல்லாம் வீட்டில் இருக்கிறது, தினமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதுதான் என்று சொல்லிவிட்டு அதிகாரி மூன்று முறை தும்மினார். அடித்தொண்டையிலிருந்து ஒரு இருமலும் வந்தது.

“எல்லாம் அந்த வேலை குடுத்த பரிசு,” என்றார் மனைவி.

எவ்வளவு புகையை விழுங்கிய தொண்டையோ என்று ஏஜென்ட்டுக்கு மனம் இளகியது. உடனே டீ வரவழைத்தார். அதிகாரி தன் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“ஆறட்டும் தம்பி. அவருக்குச் சூடு ஆகாது,” என்றார் மனைவி. ஏஜென்ட் இதை நல்ல ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

சுவரில் மாட்டியிருந்த எரிமலைப் படத்தைப் பார்வையிட அதிகாரி எழுந்து போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆளைப் பார்ப்பதுபோல் அதை மேலும் கீழும் பார்த்தார். அந்தச் சமயத்தில் மனைவி குரலைத் தாழ்த்தினார்.

“அந்த இடத்தை இவருக்கே குடுத்துடுங்க தம்பி. பொண்ணு கல்யாணத்துலகூட தனக்குன்னு ஒரு சட்டை கேக்காத மனுஷன். ஆசைப்பட்டு வாயைத் திறந்தது இது ஒண்ணுக்குத்தான். ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வரட்டும்.”

“நீங்களும் மேல ஏறப் போறீங்களாம்மா?”

“நான் நாற்காலிலயே இருக்கேன். இவரைப் பாக்கறதுக்கு நாலு கிலோமீட்டர் எனக்குச் சரியான தூரம்.”

ஏஜென்ட் அப்போதே முடிவு செய்துவிட்டார். எட்டாவது இடம் அதிகாரிக்குத்தான். அதோடு நிற்கவில்லை. விளிம்பில் யாராவது மிரண்டுபோனால் சமாளிக்க அனுபவஸ்தர் ஒருவர் வேண்டும் என்பதால், குழுத் தலைவரும் அவரே. சட்டையில் குத்திக்கொள்ள, ‘தலைவர்’ என்று எழுதிய ஒரு பட்டையும் உண்டு. அலுவலகக் கடிதம் மட்டும் வந்தாக வேண்டும்; அது இல்லாமல் ஏற விடமாட்டார்கள்.

“வரும்,” என்றார் அதிகாரி. “வந்தா, நின்னுக்கிட்டே படிங்க.”

நாலு நாளில் கடிதம் வந்தது. அதிகாரியும் மனைவியும் எதிரில் இருக்க, ஏஜென்ட் உறையைப் பிரித்து, மேல் மடிப்பைப் பின்னுக்குத் தள்ளி, சொன்னபடியே எழுந்து நின்று உரக்கப் படித்தார்.

“இவர் தீயணைப்பு அதிகாரியாகப் பணியாற்றிய முப்பத்தொரு ஆண்டுகளில், எங்கள் தொழிற்சாலையில் ஒரு தீக்குச்சி அளவுக்குக்கூடத் தீ விபத்து நிகழவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

வெல்டரும் பேக்கரி மாஸ்டரும் அந்த வரியிலேயே தோற்றுப்போனார்கள். ஏஜென்ட் அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்களைப் போன்றவர்களால்தான் ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது என்றார். அதிகாரி மறுக்கவில்லை. மீசை இரண்டு பக்கமும் அரை அங்குலம் உயர்ந்தது. தலைவர் பட்டையை மனைவி வாங்கி, அவர் சட்டையில் குத்தி, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

கடிதத்தைக் கோப்பில் வைப்பதற்காக ஏஜென்ட் மேல் மடிப்பை நீவிவிட்டார். அப்போதுதான் தொழிற்சாலையின் பெயர் கண்ணில் பட்டது.

அது ஒரு ஐஸ் ஃபேக்டரி.