பண்ணை இரண்டு

"எப்படிப் பரவியிருக்கும்னு நினைக்கிறீங்க?" நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியை கேட்டார்.

 இந்தக் கேள்வி வரும் என்று பிரின்சிக்குத் தெரியும். புதுச்சத்திரத்திலிருந்து பேருந்து ஏறியது முதல் இதற்கான பதிலைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள்.

பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தில் முனைவர் பட்டப் படிப்புக்கு இருந்தது ஒரே இடம். அதற்காக வெளியே வராந்தாவில் ஒரு கூட்டமே காத்துக் கிடந்தது. ஆனால் தேர்வுக் குழுவினர் அவளுடைய எம்.எஸ்ஸி. ஆய்வை விட்டு நகர்வதாக இல்லை.

கோழிகளைக் கூட்டமாகச் சாய்க்கும் வெள்ளைக்கழிச்சல் நோய் பற்றிய ஆய்வு. பண்ணை ஒன்று, பண்ணை இரண்டு என்று பெயர் சொல்லாமல் குறித்திருந்தாள். இரண்டிலும் இருந்தது அச்சு அசல் ஒரே வைரஸ். நடுவில் ஓர் ஊரே கிடக்கிறது. அதைத் தாண்டிக் கிருமி எப்படிப் போனது என்று குழுவினருக்கு ஒரே ஆச்சரியம்.

பிரின்சிக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவள் காலில்தான் போனது.

அவள் ஊரில் எந்தப் பண்ணை வாசலிலும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். கலெக்டரே வந்தாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஊரார் பண்ணைக்கெல்லாம் அவள் அப்படித்தான் போனாள்.

சொந்தப் பண்ணைக்குள், அதுவும் வீட்டுக் கொல்லை வழியாகப் போகும்போது யாராவது காலை நனைப்பார்களா? பண்ணை ஒன்றில் செத்த கோழிகளிலிருந்து மாதிரி எடுத்துவிட்டு வந்த அன்று, அம்மா குழம்புக்கு முட்டை கேட்டாள். அதே செருப்போடு ஷெட்டுக்குள் போய் எடுத்து வந்து கொடுத்தாள்.

அடுத்த வாரமே கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழ ஆரம்பித்தன.

பண்ணை இரண்டின் சொந்தக்காரர் பெயர் ராயப்பன். அவளுடைய அப்பா. இந்த நிமிடம் கீழே வேப்பமரத்தடியில், தூக்குப்போசியில் எலுமிச்சைச் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவி அவர் செத்த கோழிகளைப் புதைத்தார். அவளோ அந்தக் கோழிகளிலிருந்தும் மாதிரி எடுத்தாள். அந்த ஆய்வு முடிவைத்தான் இன்று இவர்கள் மெச்சுகிறார்கள். அப்பாவின் குடி கெட்டதில் தனக்கு நல்ல காலம் பிறக்கிறதே என்று நினைக்கும்போது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் கோபத்தைச் சொன்னாள், பொறாமையைச் சொன்னாள், இதை மட்டும் விழுங்கிவிட்டு வந்தாள்.

அந்தச் செருப்பைச் சோதித்துப் பார்க்கலாம் என்று பிறகு தேடியபோது அது கொல்லையில் இல்லை. வீட்டு நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்றார் அப்பா. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

பேராசிரியை இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருமியைத் தானே சுமந்துகொண்டு போனவளை எந்த ஆய்வுக்கூடத்துக்குள் விடுவார்கள்? சொன்னால் இடம் போய்விடும். போனால் போகட்டும். அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் அவளை உலுக்கியது.

"காத்துல வந்திருக்கலாம் மேடம்," என்றாள்.

குழுவினர் மூவரும் தலையாட்டினார்கள். அப்படியென்றால் காற்று வழியாகப் பரவுவதையே இங்கே அவள் ஆராயலாம் என்றார் பேராசிரியை. சேரும் தேதியையும் சொன்னார். இனி வருஷக்கணக்கில், வராத காற்றைத் தேடிக்கொண்டிருக்கவேண்டும்.

வாசலில் கழற்றிவிட்ட செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

இடம் கிடைத்ததைச் சொன்னதும் அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். போசியைத் திறந்துகொண்டே, என்ன கேட்டார்கள் என்று விசாரித்தார். நம் பண்ணைக்கு நோய் எப்படி வந்தது என்று கேட்டார்கள் என்றாள்.

அவர் நிமிராமல் சோற்றைக் கிளறிவிட்டார்.

"காத்துன்னு சொல்லிட்டியா சாமி? நானும் ஊருக்குள்ள அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கறேன்."

பிரின்சி குனிந்து தன் காலைப் பார்த்தாள். கோழிகளைப் புதைத்த மறுநாளே, கேட்காமலே அவர் வாங்கி வந்து கொடுத்த புதுச் செருப்பு.

வீட்டு நாய்க்கு வயதாகி வாயில் ஒரு பல் கிடையாது. அதற்குச் சோற்றையே அப்பா குழைத்துத்தான் வைப்பார்.