ஆறிப்போன இட்லி

ஒரு தியேட்டரில், முன்வரிசைக்கு அடியில் இருந்த வளையில் ஓர் எலி குடியிருந்தது. கீழே சிந்தும் பாப்கார்ன்தான் அதற்குச் சாப்பாடு. சமீபத்தில்தான் அதன் மனைவி கேன்டீன் எலிப்பொறியில் மாட்டி மாண்டிருந்தது. அதுமுதல் எலிக்கு எந்தப் படமும் பிடிக்கவில்லை.

புதிதாக வந்த படத்தில், மனைவியை இழந்த ஒருவர் அவளுக்கும் ஒரு தட்டில் இட்லி வைத்துவிட்டு, தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜனங்களில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் உறைந்துபோய் உட்கார்ந்துவிட்டதால் ஒரு பாப்கார்ன்கூடச் சிந்தவில்லை.

“பசி உயிர் போகிறது. இட்லி ஆறுவதையெல்லாமா ஓய் படம் எடுப்பார்கள்?” என்று பொருமியது எலி.

திரையோரம் ஒட்டியிருந்த பல்லி, “காவியம் ஓய்! காட்சி அசையாததால் பூச்சியெல்லாம் நிம்மதியாக வந்து உட்காருகிறது. ஆனால் அந்த ஆளின் துக்கம்தான் கொஞ்சம் மிகை. என் வால் போனபோது நான் இடைவேளைக்குள் தேறிவிட்டேன்” என்றது.

அப்போது யாரோ விசும்பியதில் ஒரு பாப்கார்ன் விழுந்தது. எலி பாய்ந்து கவ்விக்கொண்டு வளைக்கு ஓடியது. அதை மனைவி படுக்கும் மூலையில் வைத்தது. வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. பல்லி வளைக்குள் எட்டிப் பார்த்தது.

“என்ன ஓய், பசி என்று கத்தினீரே, சாப்பிடவில்லையா?”

“கடைசியில் அந்த ஆள் இட்லியைச் சாப்பிட்டாரா?” என்று கேட்டது எலி.

“யார் கண்டது? நான் பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

“அடுத்த காட்சி எத்தனை மணிக்கு?” என்றது எலி.