ஒரு ஸ்பூன்கூட

ஸ்மாரோ பையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ரிசோகலோ. சர்க்கரை போட்டுப் பாலில் குழைய வெந்த அரிசி, மேலே பட்டைத்தூள். இன்னும் சூடு ஆறவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த எவாந்தியா குனிந்து தாளைப் பார்த்தாள். அவளிடம் கொடுத்திருந்த தாளில் இப்படி ஒரு கிண்ணமே இல்லை.

அது தேர்வு. கிரீஸில், எபிருஸ் மலைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், உணவியல் படிக்கும் கடைசி வருட மாணவிகளுக்கு வருடா வருடம் நடப்பது. நோயாளியாகவோ நோயாளியின் வீட்டாராகவோ ஒருவர் நடிப்பார். அவரிடம் பதினைந்து நிமிடம் பேச வேண்டும்.

சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்குத் தங்கள் முகம்தான் தெரியும். அதன் பின்னால் ஆசிரியை கலிரோயியும் கூடப் படிக்கும் ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாளில் இருந்தது இவ்வளவுதான். பத்தொன்பது வயதுப் பெண். எடை முப்பத்தொரு கிலோ. எட்டு மாதமாகச் சாப்பாட்டை ஒதுக்கியவள். முந்தாநாள் சேர்த்திருக்கிறார்கள். தாயிடம் பேசு.

தாய், ஸ்மாரோ. உள்ளூர் நாடகக் குழுவில் இருப்பவள் என்று மாணவிகள் பேசிக்கொண்டார்கள்.

முதல் நாள் எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தத் தாது உப்பை முதலில் ஏற்ற வேண்டும், எப்போதெல்லாம் ரத்தம் எடுக்க வேண்டும் என்று எவாந்தியா எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டு வந்திருந்தாள். தட்டாமல் சொல்லிக்கொண்டும் வந்தாள்.

அப்போதுதான் கிண்ணம் வந்தது.

“நேத்து சாயங்காலம் அவளே வாயைத் திறந்து கேட்டா, பிள்ளை. அம்மா பசிக்குதுன்னு. எட்டு மாசம் கழிச்சுக் கேக்கறா. குடுக்காம இருப்பேனா?”

சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். பசி எடுத்தது நல்லதுதான் என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்திருக்கலாம். இன்னும் நான்கு நிமிடம்தான் பாக்கி.

ஸ்மாரோ ஒரு ஸ்பூனைத் தன் கழுத்துத் துணியின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

எவாந்தியாவுக்குத் தேர்வு மறந்துபோயிற்று. எட்டிக் கிண்ணத்தின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

“இதக் குடுக்காதீங்கம்மா. ஒரு ஸ்பூன்கூட வேண்டாம்.”

ஏன் என்று ஸ்மாரோ கேட்டாள்.

மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு அது, என்றாள் எவாந்தியா. திடீரென்று இத்தனை மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ளே போனால், ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச உப்புச் சத்தையும் உடம்பு இழுத்துக்கொள்ளும். இதயத்துக்கு மிச்சம் இருக்காது. நின்றுவிடும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து அளந்து கொடுக்கிறோம். இது கஞ்சத்தனம் இல்லை.

ஸ்மாரோ தலை குனிந்தபடி கேட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

எவாந்தியா சொன்னாள்.

மறுபடியும் சொல்லச் சொன்னாள். இந்த முறை அவள் உதடுகளும் கூடவே அசைந்தன.

எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும் என்று கடைசியாகக் கேட்டாள். பத்து நாள் போனால் பயமில்லை என்றாள் எவாந்தியா.

“பத்து நாள்தானா,” என்றாள் ஸ்மாரோ.

மணி அடித்தது. அவள் கிண்ணத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மாணவிகள் உள்ளே ஓடிவந்தார்கள். என்ன நடிப்பு, மயிர்க்கூச்செறிந்துவிட்டது என்றார்கள். ஒருத்தி அழுதிருந்தாள். கலிரோயி வரவில்லை. மார்க் மட்டும் வந்தது. முழு மார்க்.

நாற்காலியில் ஸ்மாரோவின் குடை தொங்கிக்கொண்டிருந்தது. எவாந்தியா அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஸ்மாரோ லிஃப்டுக்காக நின்றிருந்தாள். நிஜம்போலவே இருந்தது என்று எவாந்தியா சொன்னதற்கு, எனக்கு நடிக்கத் தெரியாது என்றாள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் மகள் லாம்ப்ரினி இதே ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் படுத்திருந்தாள். பசிக்கிறது என்றாள். வீட்டிலிருந்து ஸ்மாரோ செய்து கொண்டுவந்தாள். மகள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கும் கொண்டுவா என்றாள். கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் காலையில் கட்டில் காலியாக இருந்தது.

 இன்னொரு தாய்க்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் எங்களுக்காக வருகிறீர்களா என்று எவாந்தியா கேட்டாள்.

ஸ்மாரோ இல்லை என்று தலையசைத்தாள்.

“உங்களுக்காக வரல, பிள்ளை. அன்னிக்கும் ஒரு பயிற்சிக்காரப் பொண்ணு வந்தா. உன் வயசுதான். எடை போட்டா, கணக்கெல்லாம் சரியாத்தான் எழுதினா. என் கையில கிண்ணத்தப் பாத்தா, சிரிச்சா, போயிட்டா. ஆறு வருஷம் முன்னாடி இந்த வேலைக்கு வந்து அந்தத் தாள்ல எம்பொண்ணோட வயசும் எடையும் அப்படியே இருந்ததப் படிச்சதுமே, எழுதினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப அவ தலை நரைச்சாச்சு. கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து மார்க் போடறா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா.”

லிஃப்ட் வந்தது. குடையை வாங்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

எவாந்தியா திரும்பி வந்தபோது மாணவிகள் கலைந்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அறையில் கலிரோயி தனியாக உட்கார்ந்திருந்தாள், காலி நாற்காலிகளைப் பார்த்தபடி.

“போறப்ப அந்தம்மா ஏதாவது சொன்னாங்களா?” என்று திரும்பாமலே கேட்டாள்.

எவாந்தியா அவளுடைய நரைத்த பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணும் சொல்லல, மேடம்.”