நாற்பத்து மூன்று உண்ணிகள்

வின்கோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஒரு ராணித் தேனீயைக் கொல்லும் முன் அவன் தவறாமல் செய்யும் மரியாதை அது.

அவன் விரல்களுக்கு நடுவே ராணி நெளிந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பதிலாகக் கூட்டில் விடவேண்டிய புது ராணி, சட்டைப் பையில் சின்னக் கூண்டுக்குள் தயாராக இருந்தாள். ராணி வளர்த்து விற்பதில் போஹின் பள்ளத்தாக்கு முழுக்க அவனுக்குத்தான் பெயர்.

ஸால்கா தன் தேன்பெட்டிக்கு அடியிலிருந்து தட்டை உருவினாள். பன்றிக்கொழுப்பு தடவிய தட்டு. தேனீயின் உடம்பில் ஒட்டி உறிஞ்சும் உண்ணிகள் பெட்டியின் அடிவலை வழியாக அதில் விழும். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் விழுந்தால் கூட்டில் உண்ணி பெருகிவிட்டதாகக் கொண்டு, அத்தனை தேனீக்களையும் பெற்ற ராணியை மாற்றிவிடுவது என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள்.

போன குளிர்காலத்தில் இந்த உண்ணிதான் அவளுடைய பத்துப் பெட்டிகளை வாரிக்கொண்டு போனது. பத்துக்கும் மருந்து போட்டிருந்தாள். முகப்பில் வாத்து வரைந்த இந்தப் பதினோராவது பெட்டிக்கு வந்தபோது மருந்து தீர்ந்துவிட்டது. இது மட்டும் பிழைத்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்றான் வின்கோ. அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் இந்தக் கூட்டின் மேல் அவளுக்கு உயிர்.

நேற்றுக் காலை வைத்த தட்டில் நாற்பத்து மூன்று.

அவள் மறுபடி எண்ணினாள். அதேதான்.

"எண்ண எண்ணக் கொறையுமா என்ன? அந்தப் பக்கம் திரும்பிக்கம்மா," என்றான் வின்கோ.

அவள் திரும்பவில்லை. மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அவன் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை குனிந்தாள்.

ஒரு உண்ணி இன்னும் சாகவில்லை. இருந்த இடத்திலேயே வட்டமடித்தது. ஒரு பக்கம் அதற்குக் கால்களே இல்லை.

பக்கத்தில் கிடந்ததற்கு மூன்று கால்தான் மிச்சம். அடுத்ததற்கு இரண்டு. அதற்கடுத்ததன் முதுகு பிளந்து கிடந்தது.

இத்தனை வருடமும் எண்ணிவிட்டுத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

"அண்ணே, கைய இறுக்கிடாதீங்க. இதுங்க தானா விழல. நம்ம தேனீப் புள்ளைங்க கடிச்சுப் போட்டிருக்கு. அதான் மருந்தில்லாமயே பொழச்சிருக்கு."

வின்கோ பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு ராணியைத் தேனடைச் சட்டத்தின் மேல் பூப்போல இறக்கிவிட்டான். அவள் பிள்ளைகளின் நடுவே புகுந்து மறைந்தாள்.

தொப்பி இன்னும் கக்கத்தில்தான் இருந்தது. அதை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வர்ற வசந்தத்துல இவ பொண்ணு ஒருத்திய எனக்குக் குடுப்பியாம்மா?" என்று கேட்டான், ராணி விற்கிறவன்.