இன்னொரு கை

"எந்தப் புண்ணியவான் எழுதினானோ!" என்று சோபாவில் படுத்தபடி சிரித்தான் கணவன். ஆன்லைன் சண்டை விளையாட்டில் ஹீரோவை எப்படி வலுவாக்குவது என்று யாரோ புனைபெயரில் எழுதியிருந்த குறிப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கமெண்ட் போட்டான்.

"புதர்லயே பதுங்கணுமாம். ஒரே பட்டன்ல அடிக்கிற ஆயுதமா வாங்கணுமாம். ஏன் அண்ணே, இன்னொரு கை சுளுக்கா?"

லைக்குகள் குவிந்தன. சமையலறையில் ஒரு போன் 'டிங்' என்றது.

"எழுதினது நான்தாங்க," என்றபடி கையில் போனோடு வந்தாள் மனைவி. "சுளுக்கெல்லாம் இல்ல. இன்னொரு கையிலதான் எப்பவும் உங்க பிள்ளை இருக்கே."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

புது ஆளைப் பார்த்தாற்போல் வீறிட்டு அழுத பிள்ளை, அம்மாவின் தோளை இறுகக் கட்டிக்கொண்டது.