வலது பக்கத் தண்டு

கிறிஸ்துவின் ஐந்து திருக்காயங்கள்மேல் ஆணை. நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இந்த நிமிடமே என் உயிர் போகட்டும்.

பெரிய வெள்ளி, மாலை. எங்கள் ஊர்க் கோயிலுக்குள் இறந்த கிறிஸ்துவின் சப்பரம் தயாராக நின்றது. ஒரு காலத்தில் ஸ்பெயினின் காஸ்டில் அரசர்கள் வந்து முழங்காலிட்ட கோயில். இப்போது அதன் நிரந்தரக் குடிகள் கோபுரத்துச் செங்கால் நாரைகள்தான்.

சப்பரத்துக்கு இரண்டு தண்டு. தண்டுக்கு நாலு பேர்.

தகப்பன் தோள் கொடுத்த இடத்தில் மகன்தான் தோள் கொடுக்கலாம். மகன்களோ மாட்ரிட்டில் டாக்ஸி ஓட்டுகிறார்கள். அதனால் ஒருவர் செத்தால், அவருடைய கறுப்பு இடைக்கச்சையை அவர் இடத்தில் தண்டோடு முடிந்துவிட்டு, இடத்தைக் காலியாகவே விடுவது வழக்கம்.

சாவுக்கு ஒழுங்காகப் பங்கு பிரிக்கத் தெரியாது. இடது பக்கம் நாலு பேரும் இருமிக்கொண்டே உயிரோடிருந்தார்கள். வலது பக்கம் முழுக்கக் கல்லறைக்குப் போய்விட்டது.

போன வருடம் வரை வலது பக்கத்தில் தெயோஃபிலாவின் புருஷன் மிச்சமிருந்தான். அந்தப் பக்கத்தை அவன் ஒருவனே தாங்கினான் என்பார்கள். நான் மறுத்ததில்லை. பனிக்காலத்தில் நெஞ்சுவலி அவனைக் கொண்டுபோனது.

ஆறு ஊருக்கும் சேர்த்து ஒரே பாதிரியார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பேர் இந்தப் பக்கம் வந்துடுங்களேன், ஹெனாரோ. இன்னைக்கு இது வாசல் தாண்டலைன்னா ஆயர் சுரூபத்தை மியூசியத்துக்குக் கொண்டுபோயிடுவார். அப்புறம் திரும்பி வராது."

ஹெனாரோ இடது பக்கத்து முதல் ஆள். வலது தண்டில் தொங்கிய கச்சைகளைக் காட்டினார்.

"அங்க ஆள் இருக்குது, சாமி. என்ன, பேச மாட்டாங்க. இப்பத்தான் அவங்களுக்கு அந்த நல்ல குணம் வந்திருக்கு."

தெயோஃபிலா வந்தாள். புருஷனின் கச்சையை வலது பக்கம் இரண்டாவது இடத்தில் இறுக்கி முடிந்தாள்.

"இந்தத் தடவையாவது காலை மாத்தி வைக்காத, மனுஷா. காலம்பூரா ஊரே சிரிச்சுது."

ஹெனாரோ கைத்தடியால் கல்தரையைத் தட்டினார். நாலு கிழவர்களும் குனிந்து நிமிர்ந்தார்கள். இடது பக்கம் எழுந்தது.

வலது பக்கமும் எழுந்தது.

சாயவில்லை. ஒரு மெழுகுவர்த்திகூட அணையவில்லை. முன்னால் நடக்க வேண்டிய பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிட்டார்.

வாசற்படியைத் தாண்டும்போது மட்டும் வலது பக்கம் ஒருமுறை குலுங்கியது. எவனோ காலை மாற்றி வைத்திருக்கிறான்.

தெயோஃபிலா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரித்தாளா, அழுதாளா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை.

என் இடம் வலது பக்கம், இரண்டாவது.